கிணற்றடிவரை ஒரு பலகைத்தளம்

கோவர்த்தனனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரயில்வேயில் கேங்மேன் வேலை. நகரிக்குப் பக்கத்தில் தண்டவாளம் இறக்கும்போது ஒன்று சறுக்கி அவன் முதுகில் விழுந்தது. அதற்கப்புறம் கைகளை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நகர்வதோடு சரி. கொல்லைப்பக்கம் களிமண். போன ஐப்பசியில் சேற்றில் சிக்கி, மனைவி செங்கம்மா வயலிலிருந்து திரும்பும்வரை மழையிலேயே கிடந்தான்.

அறுப்பு முடிந்ததும் செங்கம்மா தம்பி நாகபூஷணத்தைக் கூப்பிட்டு, பின்வாசலை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு பலகைத்தளம் போட ஆரம்பித்தாள். நாகபூஷணம் தமிழ் வாத்தியார். ஆணி அடிக்கத் தெரியாது. கோவர்த்தனன் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள்தான் செய்தாள். மண்ணை வெட்டிச் சமன்படுத்தி, ஜல்லி கொட்டி இடித்தாள். மேலே கருங்கல் வைத்து, கல்லின்மேல் பனஞ்சட்டங்களைப் படுக்கவைத்தாள். பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சட்டத்தின்மேல் வைத்து மட்டம் பார்க்கச் சொன்னான்.

"பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு ஆணி கனம் வுடு. மழத்தண்ணி அதுல எறங்கிப் பூடும்."

பாதித் தளம் முடிந்த அன்று நாகபூஷணம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, பங்குனியில திருத்தணி மெட்ராஸோட சேந்துடுது. நம்ம நகரி ஆந்திராவுலயேதான். எனக்குத் திருத்தணியில போஸ்டிங் குடுத்துட்டாங்க. நீயும் வந்துடு. இங்க தனியா இன்னா பண்ணப்போற?"

"தனியாவா? உங்க மாமா?"

"வூடு மலையடிவாரத்துல கெடச்சிருக்குது. முப்பது படி ஏறணும்..." அதற்குமேல் அவன் சொல்லவில்லை.

"நான் எங்கியும் வர்லடா."

உள்ளே படுத்திருந்த கோவர்த்தனன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவனே பேச்செடுத்தான். "செங்கா, தளத்தக் கெணறு வரைக்கும் நீட்டிடு. நானே சேந்திக் குளிச்சிக்கிறேன்."

இரண்டு வருஷத்தில் அவன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அன்றைக்கே செங்கம்மா இன்னும் பத்துப் பலகை கொண்டுவந்து இறக்கினாள். உள்ளங்கை கொப்பளித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. கோவர்த்தனனும் அந்த நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டான், அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கிணற்றுக்கு நாலடி இருக்கும்போது, கடைசிச் சட்டத்தை இரண்டு விரல் இறக்கி வைக்கச் சொன்னான். வைத்தாள். அவன் சறுக்கி விழாமல் இருக்க மற்ற ஓரங்களில் தடுப்பாக ஒரு ரீப்பர் கட்டை அடித்திருந்தாள். கிணற்றுப் பக்கத்துக்கும் ஒன்றை எடுத்தபோது, "அங்க வேணாம்" என்றான்.

"ஏன்?"

"தண்ணி வடியணும் இல்ல?"

சுத்தியை ஓங்கியவள் அப்படியே நின்றாள். தண்ணீர் வடியத்தானே பலகைக்குப் பலகை இடைவெளி விடச் சொன்னான்? கிணற்றைப் பார்த்தாள். இந்தப் பக்கத்துக் கைப்பிடிச்சுவர் மழையில் சரிந்து, தரையோடு கிடந்தது. சரிவாகப் போகும் பலகை, தடுப்பில்லாத ஓரம், அதற்கப்பால் கிணறு. தம்பி பேசியதை இவன் கேட்டிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

சுத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் கோவர்த்தனன்.

"பலகை தீந்துபோச்சு."

அவள் காலடியிலேயே நாலைந்து பலகை கிடந்தது. அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ உன் தம்பியோட போனா நல்லா இருப்ப" என்றான்.

"இருப்பேன்," என்றாள் செங்கம்மா. இந்த முறை அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அதுக்காக நீ இப்பிடிப் பண்ணுவியா? தெனம் நான் தண்ணி சேந்துற கெணறுய்யா அது." உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் கையை நீட்டினான், எட்டவில்லை. அவள் நகர்ந்து வரவும் இல்லை.

கிணற்றுப் பக்கம் போட்ட பலகைகளை அன்றே பெயர்த்து, கிணற்று வாய்க்குத் திறந்து மூடுகிற மூடியாக அடித்தாள். சரிந்த சுவரை அடுத்த வாரம் ஆள் வைத்து இடுப்புயரம் எழுப்பினாள். நாகபூஷணத்தின் வண்டி புறப்பட்ட அன்று, வழியனுப்பத் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. கோவர்த்தனனைத் தனியாக விட அவளுக்குப் பயம்.

அதற்கப்புறம் கோவர்த்தனன் தினமும் காலையில் தளத்துக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தான். தெலுங்குப் பெயர்ப்பலகையோடு பஸ் போவது தெரியும். ஐப்பசி மழையிலும் அவன் சேறு படாமல் வெளியே வர முடிந்தது. ஆனால் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. வயலுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு வெங்கடம்மாவை, "கொஞ்சம் வந்து இங்க குந்திக்கினு இரு" என்று கூப்பிட்டு வைப்பாள். ஏன் என்று வெங்கடம்மாவுக்குத் தெரியாது. கோவர்த்தனனுக்குத் தெரியும். அவன் ஒரு நாளும் வேண்டாமென்று சொல்லவில்லை.