குழியை மூடிய பிறகு

"அண்ணி, இன்னைக்கு நீங்க வெளிய வராதீங்க. கன்னெல்லாம் நானே நட்டுக்கறேன்" என்றான் ஷிவாச்சி, யாரும் கூப்பிடாமலே அடுப்படி வரைக்கும் வந்து நின்றுகொண்டு.

உகாலிக் களியைக் கிளறிக்கொண்டிருந்த முஹோஞ்சா நிமிர்ந்து பார்த்தாள். கணவன் போய்ச்சேர்ந்த நாலு வருஷத்தில் கொழுந்தன் இந்த வீட்டு வாசலை மிதித்தது இது மூன்றாவது தடவை.

"என் நிலத்துல நான் நடக்கூடாதா தம்பி?"

"பொம்பள மரம் நட்டா புருஷன் செத்துப்போவான். வயித்துல புழு பூச்சி தங்காது. ஊருக்கே தெரிஞ்ச வழக்கம், உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

அவளுக்கு நன்றாகவே தெரியும். அவன் சொல்லாமல் விட்ட பாதியும் தெரியும். அந்த ஊரில் மரம் யார் நட்டார்களோ, மண் அவர்களுடையது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ரோடு போட வந்த கம்பெனி, அவள் நிலத்தில் பாதியைத் தோண்டிச் செம்மண் சரளையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஒரு பெருங்குழி. மழைத் தண்ணீர் தேங்கி, கொசு மண்டி, அவளுடைய கறவை ஆடு அதில் விழுந்து செத்தது. வேலை முடிந்ததும் குழியை மூடி மரம் நட்டுத் தருவதாக ஒப்பந்தம். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி முகாமுக்குப் பதினோரு தடவை நடந்தவள் அவள். ஓரமாகக் குவித்து வைத்திருந்த மேல்மண்ணைச் செங்கல் சூளைக்காரர்கள் வாரிப் போகாமல் காத்தவளும் அவள்தான். அப்போதெல்லாம் ஷிவாச்சிக்கு அது அண்ணி நிலம். குழி மூடி, மேல்மண் பரப்பியதும் அண்ணன் நிலமாகிவிட்டது. என்ன நியாயமோ!

கன்றுகளோடு லாரி வந்தது. கம்பெனி மேற்பார்வையாளர், ஒடுவோர் என்பவர், இறங்கி, "நடப்போறது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்று ஷிவாச்சி முந்திக்கொண்டான். வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது.

முஹோஞ்சா மண்வெட்டியோடு நேரே வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. சின்னதாக ஒரு குழி வெட்டி, ஒரு கன்றை எடுத்து அதற்குள் இறக்கினாள்.

"ஏய், வேணாம்! புருஷன் செத்துப்போவான்!" ஷிவாச்சியின் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"உங்க அண்ணன் செத்து நாலு வருஷமாச்சு தம்பி. அதுவரைக்கும் நான் ஒரு மரம் நட்டிருக்கேனா? அப்புறம் ஏன் செத்தாரு?"

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"வயித்தப் பத்தியும் சொன்னீங்களே. நாலு பெத்தாச்சு. போதும்."

இப்போது சிரிப்பு ஆண்கள் பக்கத்துக்கும் பரவியது. அவள் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினாள். அடுத்த கன்று. அதற்கடுத்தது. ஒடுவோர் தானாகவே கன்றுகளை எடுத்து அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

"அத்தனையும் பிடுங்கி எறியறேன் பாரு!" என்று ஷிவாச்சி கத்தினான். மரியாதை காற்றில் பறந்துவிட்டது.

முஹோஞ்சா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மரம் நட்டவங்களுக்குத்தானே மண்ணு? அதுவும் உங்க வழக்கம்தான். இது இப்ப என் மண்ணு தம்பி. வரப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்னு கத்துங்க."