வேப்பமரத்தடிப் புற்று

காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போன நல்லசிவத்தின் கட்டைவிரல் கதவு நிலைக்குள் போய்விட்டது. மேலே பச்சை பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மரமே இல்லை, வெறும் மண். “தீமக்” என்றார். தில்லிக்கு வந்த இத்தனை வருடத்தில் கெட்ட செய்தியை இந்தியில் சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. அவர் மனைவி இந்திராணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கரையான் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்துக்குத்தான் அவள் வெள்ளிதோறும் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

லக்ஷ்மிபாய் நகரில் அவர்களுடையது கீழ்வீடு. பின்னால் கொஞ்சம் இடம், அதில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குப் புற்று. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, மலை மந்திர் முருகன் கோயில் படியேறாத கிருத்திகை இல்லை. ஊரில் இதற்கெல்லாம் புற்றைத் தேடிப் போவார்கள். இங்கே புற்றே வீடு தேடி வந்திருக்கும்போது இந்திராணி சும்மா விடுவாளா? வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால் பூத் வரிசையில் நின்று வாங்கியதில் முதல் தம்ளர் அதற்குத்தான். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். டாக்டரம்மா தந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நல்லசிவம் நினைத்தார். வீட்டில் சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை.

குவார்ட்டர்ஸ் பழுதுபார்க்கும் என்கொயரி ஆபீசில் எழுதிக் கொடுத்தார். வந்து பார்த்த ஆள், சுவரோரம் துளை போட்டு மருந்து ஊற்றலாம், ஆனால் முதலில் புற்றை இடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மாசமாக இருப்பவளின் புருஷன் மண் தோண்டக் கூடாது, உயிரைக் கொல்லக் கூடாது. முடிகூட வெட்டாமல் நல்லசிவம் ஆபீசில் ‘சாது மகராஜ்’ என்று பெயரெடுத்திருந்தார்.

“நானா இடிக்கேன்? அவன்தான இடிக்கான்” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“யாரு இடிச்சா என்ன? பிள்ளையக் குடுத்த சாமியவே இடிக்கச் சொல்லுதீயளா?”

அவளுக்குக் கோபம் என்று அவர் நினைத்தார். அது பயம். புற்றின்மேல் கை வைத்தால் வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த வாரம் நல்ல மழை. மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. இந்திராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே வந்தாள். பின்னறையிலும் ஈசல். சுவரில் சாத்தியிருந்த சாக்கு மூட்டையின் தையல் வழியாக ஊர்ந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.

அதில் இருந்தது தொட்டில். அவள் அம்மா திருநெல்வேலியிலிருந்து ரயிலில் போட்டு அனுப்பிய மரத்தொட்டில். பிள்ளை பிறக்கும் முன் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று வந்த நாள் முதல் அப்படியே கிடந்தது. அவள் தையலைப் பிய்த்தாள். வெளியே எடுக்கும்போதே ஒரு கால் கையோடு வந்தது. விரல்பட்ட இடமெல்லாம் அப்பளம்போல நொறுங்கியது. வெளிப்பூச்சு மட்டும் அழகாக இருந்தது. இதை நம்பி இதில்தானே பிள்ளையைப் போட்டிருப்பேன் என்று நினைத்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நல்லசிவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தொட்டில் போனாப் போவுது, விடுட்டி. உங்க அம்ம சீலையில தூளி கட்டுவோம்.”

அவள் ஒடிந்த தொட்டில் காலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்த மருந்துக்காரன வரச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை காலை புற்றுக்கு மஞ்சள் தடவி, பூ வைத்து, பால் ஊற்றினாள். “தாயே, குடுத்தது நீ. குடுத்தத காப்பாத்த வேண்டியது நான்தான? வேற எடம் பாத்துக்கோ” என்றாள். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

ஆள் கடப்பாரையை ஓங்கினான். நல்லசிவம் வீட்டுக்குள் போய்விட்டார். முதல் அடியில் புற்றின் தலை சரிந்தது. இந்திராணி இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். காலையிலிருந்தே உள்ளே அசைவில்லை. இரண்டாவது அடி விழுந்தது. பால் நனைத்த மண் கட்டி கட்டியாக உருண்டு அவள் காலடிக்கு வந்தது. ஆள் நிறுத்தி, போதுமா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

உள்ளங்கைக்கு அடியில் ஒரு குட்டிக் குதிகால் அழுத்தமாகப் புரண்டது.

“ஔர் நீச்சே, பையா” என்று இன்னும் கீழே கை காட்டினாள்.