முதுகில் சுமந்தவர்கள்

நீர்ப்பூச்சிகளைப் பற்றிக் கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். இதற்குமுன் எழுதியதில்லை. பிழை இருப்பின் அது என்னுடையது, பூச்சிகளுடையதன்று.

வெயில் குடித்து மிஞ்சிய நீர். குளத்தின் நடுவே ஒரு குட்டை. அதன்மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சிகள். அடியில், சேற்றின்மேல், அவற்றின் நிழல்கள் வட்ட வட்டமாக.

கோமதி வலையோடு நின்றாள். தாமிரபரணிக்குத் தெற்கே எந்த நீர்ப்பூச்சி எந்தக் குளத்தில் வாழ்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள் ஆய்வு. ஒரே ஒரு வகைக்கு மட்டும் இன்னும் புள்ளி இல்லை.

மற்றக் குளங்கள் வெடித்துக் கிடந்தன. வெடிப்புகளில் வெயில் மட்டும் இருந்தது.

வலையை இழுத்தாள். கனத்தது. மல்லாந்து நீந்துபவை. வாலால் மூச்சு வாங்குபவை. நடுவே, சருகு நிறத்தில், அவள் தேடிய வகை. ஒன்றல்ல, பல. சிலவற்றின் முதுகு நிறைய முட்டைகள், சோளமணிபோல் நெருக்கமாய்.

உடன் ஆய்வு செய்யும் ஜெபராணி குனிந்து பார்த்தாள்.

"முட்டை உள்ளதெல்லாம் அப்பன்மாரு, அக்கா. அவ இவரு முதுகுல இட்டுட்டுப் போயிட்டா, இவரு சுமக்காரு. எங்க வீட்டு மனுசனக் கூட்டியாந்து காட்டணும். பிள்ளையத் தூக்குங்கன்னா தோள் வலிக்குங்காரு."

கோமதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பூச்சிகளைக் கொன்று பதப்படுத்தும் ஸ்பிரிட் குப்பியைத் திறந்தாள்.

"முட்டை உள்ளத விட்ருவோமேக்கா. முட்டைக்குள்ள கண்ணு தெரியுது பாருங்க. இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சிரும்."

"நாலஞ்சு சேந்து இருந்தாத்தான் சான்று, ராணி. இவ்வளவு கெடக்கே, கொறஞ்சா போயிரும்?"

வலை கனத்தது. அந்தக் கனத்தை வளம் என்று எண்ணினாள். சுற்றிலும் குளங்கள் வற்றியதால் இங்கே ஒண்ட வந்தவை என்று எண்ணவில்லை. படித்திருந்தாள். எண்ணவில்லை.

மீண்டும் வலை. மீண்டும் கனம். பிறகு சற்றே குறைவு. பிறகு சேறு.

ஆய்வகத்தில் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு முதுகில் முட்டைகள் திறந்திருந்தன. பாதி வெளியே வந்த குஞ்சுகள். அவை வந்து சேர்ந்த இடம் தண்ணீர் அன்று.

புள்ளி வைத்தாள். துறையில் கைதட்டினார்கள். அவள் தரையைப் பார்த்தாள். அடக்கம் என்றார்கள்.

ஐப்பசி மழை. குளம் நிறைந்தது. நீர்மேல் ஓடுபவை எங்கிருந்தோ வந்தன. மல்லாந்து நீந்துபவை வந்தன. முட்டை சுமப்பவை வரவில்லை. தையிலும் வரவில்லை. அடுத்த மழையிலும் வரவில்லை. பக்கத்துக் குளங்களிலும் இல்லை.

"வரும்க்கா," என்றாள் ஜெபராணி. தான் அன்று தடுத்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

முன்பு இருந்து இப்போது இல்லாத உயிருக்கு, புள்ளியை நீக்கி வெற்று வட்டம் இடுவது வரைபட வழக்கம். அருகில் காரணமும் எழுத வேண்டும். வறட்சி என்று எழுதலாம், எவரும் கேட்கமாட்டார்கள். கோமதி வட்டம் இட்டாள். பிறகு எழுதினாள்: ஆய்வாளரின் சேகரிப்பு. கீழே தன் பெயர்.

இழந்தவை:

அக்குளத்தில் முட்டை சுமந்த ஆண்கள்.

அவர்கள் முதுகில் கண் தெரிந்த முட்டைகள்.

அவர்களோடு ஒண்டியிருந்த பெண்கள்.

தெற்கே அவ்வினத்துக்கு இருந்த ஒரே குளம்.