மூன்று லைன் மாவு

வேல்குமார் பொய்யே சொல்லவில்லை. "கம்பெனி ஓடுதாடா?" என்று அண்ணன் ஞானசம்பந்தம் போனில் அதட்டியபோது, "மூணு லைன் ஓடுதுங்கண்ணா" என்றுதான் சொன்னான். லைனில் என்ன ஓடுகிறது என்று அண்ணன் கேட்கவில்லை, இவனும் வலியப் போய்ச் சொல்லவில்லை. ஓடியது தையல் மெஷின் அல்ல, வெட் கிரைண்டர்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பனியன் கம்பெனிக்கு ஆர்டர் நின்றுபோயிருந்தது. தையல் மெஷின்களை விற்றார்கள். ஆட்கள் வேறு கம்பெனி பார்த்துப் போனார்கள். "முடிஞ்சா வேற மெஷின் போட்டு நீ ஓட்டிப் பாருடா" என்று சொல்லிவிட்டு அண்ணன் தாராபுரம் பக்கம் தோப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தது நாலு மாடிக் கட்டடம், மொட்டை மாடி நிறைய சோலார் பேனல், யாரும் விலைக்குக் கேட்காத ஒரு நீடில் டிடெக்டர். உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் கிடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மெஷின் அது.

கீழே ஆள் இல்லை என்பது வெயிலுக்குத் தெரியுமா? மேலே அது பாட்டுக்குக் கரண்ட் தந்துகொண்டிருந்தது. வேல்குமார் தினமும் கம்பெனியைத் திறந்து, எல்லா லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு, காலி ஹாலின் நடுவில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வருவான்.

"ஆளில்லாத எடத்துக்கு எதுக்குங்க அத்தன ஃபேனு?" என்றாள் அவன் மனைவி மதுமதி. மறுநாள் ஊறவைத்த உளுந்தும் கிரைண்டருமாக அவளே கம்பெனிக்குள் வந்துவிட்டாள். அதைப் பின்வீட்டு மயிலாள் பார்த்துவிட்டாள். மயிலாள் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி.

"ஏனுங் கண்ணு, உங்க கம்பெனி ஒசந்து நிக்கறதுல எங்க ஊட்டு மேல வெயிலே உழுகறதில்ல. சோலார் போடலாம்னு ஆளக் கூட்டியாந்தா, நெழலா இருக்குதுன்னு போயிட்டான். அப்ப உங்க மாடியில கரண்டாகறது எங்க ஊட்டு வெயிலு தானுங்களே?"

வேல்குமார் இந்தக் கணக்கை யோசித்து முடிப்பதற்குள் தெருப் பெண்கள் கிரைண்டரும் கையுமாக வந்து நின்றுவிட்டார்கள்.

வந்தவர்களைச் சும்மா ஆட்டிக்கொண்டு போக விட்டிருக்கலாம். ஆனால் ஹாலுக்குள் ஆளும் மெஷினும் இருக்க, டார்கெட் இல்லாமல் இருப்பதாவது! பனியன்காரன் புத்தி எங்கே போகும்? கிரைண்டர்களை மூன்று லைனாகப் போட்டான். முதல் லைன் அரிசி, இரண்டாவது உளுந்து, மூன்றாவதில் கலக்கி பேக்கிங். வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதைக் கடைகளுக்குப் போட்டார்கள். பாக்கெட்டுகள் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல். ஒரு பாக்கெட்டை அப்ரூவ்டு சாம்பிள் என்று சுவரில் தொங்கவிட்டான். அது புளித்துப் பொங்கி, வெடித்து, சுவரெல்லாம் வழிந்த பிறகுதான் மாவுக்கு அந்த வழக்கம் ஒத்துவராது என்று ஒப்புக்கொண்டான். நிறம் மங்கிய மாவை ஷேடு மாறிப்போச்சு என்று ஒதுக்கி, செகண்ட்ஸ் என்று மலிவாக விற்றான். அதை வாங்கத்தான் கடைகளில் அடிதடி. மேகம் மறைத்தால் மூன்று லைனும் ஸ்டாப். பெண்கள் தரையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவார்கள்.

கடைசியாக ஒவ்வொரு பாக்கெட்டும் நீடில் டிடெக்டருக்குள் போய் வர வேண்டும்.

"மாவுக்குள்ள எங்கீங்க ஊசி வரும்?" என்று மதுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"டிடெக்டர் பாக்காம சரக்கு கம்பெனி கேட்டத் தாண்டப்படாது. அண்ணன் போட்ட ரூலு" என்றான் வேல்குமார்.

அந்த அண்ணன்தான் இப்போது நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். கூடவே வேஸ்ட் துணி வியாபாரி பிரபாகர். கம்பெனி ஓடாவிட்டால் அன்றைக்கே சாவியைப் பிரபாகரிடம் கொடுத்து, கட்டடத்தை வேஸ்ட் குடோன் ஆக்கிவிடுவது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார். மாவோ பனியனோ, அந்த ஹாலில் மறுபடி நாலு பேர் சத்தம் கேட்கிறது. அதன் மேல் வேஸ்ட் மூட்டையை அடுக்குவதை நினைத்தாலே வேல்குமாருக்கு அழுகை வந்தது.

கார் வந்தது. பிரபாகர் லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று வாசலிலேயே அளந்து பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையோடு உள்ளே வந்து மூன்று லைனையும் பார்த்தார்.

"இதென்னடா இது?"

"புரொடக்‌ஷனுங்கண்ணா."

"மாவா?"

"எக்ஸ்எல் வரைக்கும் இருக்குதுங்கண்ணா."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "அப்பா தறிக்குழியில ஒக்காந்து சம்பாரிச்ச பேருடா. அத இட்லிக்கு ஆட்டிக்கிட்டிருக்கறயா? எடு சாவிய."

வேல்குமார் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினான்.

அந்த நேரம் பார்த்து நீடில் டிடெக்டர் கத்தியது.

நீட்டிய சாவியை அண்ணன் வாங்கவில்லை. "லைன நிறுத்துங்க!" என்று போட்டார் ஒரு சத்தம். மூன்று லைனும் நின்றன. "ஒரு பாக்கெட்டு வெளிய போகக்கூடாது. ஆரு பேக்கிங்கு?"

"நாந்தானுங்க சாமி" என்று முன்னால் வந்த மயிலாள், தன் கையைப் பார்த்துக்கொண்டு அலறினாள். "ஐயோ, வளையல்ல கோத்திருந்த ஊக்கக் காணமுங்க!"

அண்ணன் சட்டைக் கையை மடித்தார். கத்திய பாக்கெட்டைத் தட்டில் கிழித்துக் கொட்டி, விரலால் துழாவி ஊக்கை எடுத்தார். பாதிதான் இருந்தது. கூர்முனை இல்லை.

"மீதித் துண்டு கெடைக்காம லைன் ஓடாது. வாடா இங்க!"

வேல்குமார் சாவியை டிடெக்டர் மேல் போட்டுவிட்டு ஓடினான். அண்ணனும் தம்பியும் கலக்கிய அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேடினார்கள். "கண்டபடி கலக்காதடா, ஓரத்துல இருந்து வா" என்று அண்ணன் திட்டினார். திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று என்று வேல்குமாருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மதுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அண்ணன் விரலில்தான் அது குத்தியது. வெற்றியோடு எடுத்து, இரண்டு துண்டையும் உள்ளங்கையில் சேர்த்துவைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"இத ஒரு கொழந்த தின்னிருந்தா என்னடா ஆகறது?" என்றார்.

பிரபாகர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணா, சாவிங்க?"

அண்ணன் மாவுக் கையோடு நிமிர்ந்தார். "ஏனுங்க, புரொடக்‌ஷன் ஓடறப்ப வெளியாளு உள்ள வரப்படாதுங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

சொன்ன பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. டிடெக்டர் மறுபடி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் எதுக்குடா கத்துது?"

"சாவிக்கொத்து அது மேல கெடக்குதுங்கண்ணா."

அண்ணன் சாவியைப் பார்த்தார், மூன்று லைனையும் பார்த்தார், ஜன்னல் வழியே மேகம் வருகிறதா என்றும் பார்த்தார்.

"எடுத்து உன்ற மடியில வெய்யிடா. லைன் சும்மா நின்னுட்டிருக்குதல்ல."