பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்

வாசல் படலையடியில் பத்மாசினியின் குடை தெரிந்தால் செபமாலை உபதேசியாருக்கு முதலில் பின்கதவால் போய்விடலாமா என்றிருக்கும். அதற்குப் பிறகுதான் முகத்துக்குச் சிரிப்பு வரும். பதினாறு வருடமாக இந்த ஒழுங்கு மாறியதேயில்லை.

பாவம், அவள் அந்தச் சிரிப்பை மட்டும்தான் கண்டிருக்கிறாள். புத்தூரில் பஸ் ஏறி, சுன்னாகத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து வெயிலில் நடந்து வருவாள். வெறுங்கையோடு வரமாட்டாள். முருங்கைக்காயோ தோட்டத்து வெங்காயமோ ஒரு பையில் இருக்கும். தன் மகன் கோகுலனைக் கடைசியாகக் கண்ட மனிதரல்லவா, அவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? அந்த முருங்கைக்காய்க் கறி உபதேசியாருக்குத் தொண்டையால் இறங்காது. ஆனாலும் எறியமாட்டார், முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார்.

கதை ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். கிளிநொச்சியில் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு. அவர்கள் சைவம், இவர்கள் வேதம், கத்தோலிக்கர். அதனால் ஒரு மனக்குறையும் வந்ததில்லை. சண்டை துரத்தத் துரத்த ஒன்றாகவே கடற்கரை வரைக்கும் போனார்கள். வழியில் பத்மாசினியின் புருஷன் செத்துப்போனார். கடற்கரையில் வைத்துச் சின்ன மகள் கோபிகாவுக்கு வயிற்றில் ஷெல் துண்டு பட்டது. காயக்காரரை ஏற்ற வந்த கப்பலில், ஒரு நோயாளியோடு ஒருவர்தான் போகலாம் என்றார்கள். பதினாறு வயதுக் கோகுலனின் கையைப் பிடித்து உபதேசியாரின் கையில் வைத்துவிட்டு, எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அவள் கப்பலேறினாள்.

பிறகு இருவரும் சந்தித்தது, சண்டை முடிந்து உபதேசியாரை அடைத்துவைத்திருந்த முகாமின் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. "என்ரை பிள்ளை எங்கை அண்ணை?" என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உபதேசியாரின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொன்னது. "ஆமிக்காரர் பெடியங்களை வேறையா எடுத்தவங்கள். கோகுலனைப் பஸ்ஸிலை ஏத்தினதை என்ரை கண்ணாலை கண்டனான்." மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் அந்த மண்ணிலேயே குந்தியிருந்து அழுதாள். நாளைக்கு உண்மையைச் சொல்லலாம் என்று அவர் நினைத்தார். அந்த நாளை வரவில்லை.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பதினாறு வருடம் நடந்தாள். மகனின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி, காணாமல்போனவர்களின் தாய்மாரோடு தெருவோரக் கொட்டகையில் இருந்தாள். விசாரணை வைத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் சாட்சி கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உபதேசியார் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போய்ச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. முதலில் பஸ் மட்டும்தான் இருந்தது. பிறகு அவர் கொடுத்த தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது, மாற்றிவிட்ட சேட்டு வந்தது, பஸ் யன்னலைப் பார்த்து அவர் கை காட்டியதும் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்தில்கூட அவர் எங்கேயாவது ஒரு சொல்லில் தடுமாறுவார். இதில் தடுமாறியதே கிடையாது.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் பின்னேரம் அவள் வந்தபோது, உபதேசியார் விறாந்தை மேசையில் பைபிளை விரித்துவைத்துப் பெரிய வெள்ளிக்குரிய வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி செத்துப்போன பிறகு வீட்டில் அவர் தனியாள். மகள் தனுஷா கொழும்பில் படிக்கிறாள். அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். பத்மாசினி கோப்பையைத் தொடவில்லை.

"கோபிகா வாற மாசம் லண்டனுக்குப் போறாள் அண்ணை. கலியாணம் அங்கைதான். போகமுதல் தமையனுக்கு அந்தியேட்டி செய்யவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்."

உபதேசியார் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"செத்த பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யாமல் விட்டால் பாவம். உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செய்தால் அதைவிடப் பாவம். நான் என்ன செய்யிறது? அவள் கேக்கிறாள், அம்மா, அந்த மாமா சொன்னதை விட்டால் உங்களிட்டை வேறை என்ன இருக்கு எண்டு. மெய்தானே. வேறை ஒண்டும் இல்லை." அவள் மேசையைப் பார்த்தாள். "அதுதான் வந்தனான். உங்கடை வேதப்புத்தகத்திலை கை வைச்சு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் நான் அவளை மறிச்சுப்போடுவன். இல்லாட்டி..."

இல்லாட்டி என்பதோடு நிறுத்திவிட்டாள்.

"சொல்லலாம்தானே, அதுக்கென்ன," என்றார் உபதேசியார். கை மேசைக்குக் கீழே மடியில் கிடந்தது.

"அதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. நான் சைவக்காரி, உந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. உதிலை இருக்கிறது உண்மையெண்டு நீங்கள் ஏன் நம்புறியள்? அது விளங்கினால்தான் நீங்கள் உதிலை கை வைக்கிறதுக்கும் எனக்கு ஒரு பெறுமதி."

உபதேசியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்பது வருடம் மறைக்கல்வி படிப்பித்த மனிதர். கேள்வி என்று ஒன்று கேட்டால் போதும், வீடு பற்றி எரிந்தாலும் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார். ஆண்டவர் தாமே அருளிய வார்த்தை என்று தொடங்கினார்.

"எங்கடை ஆக்களும் தேவாரத்தை அப்பிடித்தான் சொல்லுறவை," என்றாள் அவள்.

ராசாக்கள் எரித்தும் அழியாத புத்தகம் என்றார். எத்தனையோ நூறு வருடத்துக்கு முந்தியே தீர்க்கதரிசிகள் சொல்லிவைத்தது பிறகு நடந்தது என்றார்.

"பழசெண்டால் எங்கடையும் பழசுதான். உதெல்லாம் கோயிலிலை சொல்லுறது அண்ணை. நீங்கள் ஏன் நம்புறியள்? செபமாலை எண்ட மனிசன் ஏன் நம்புது?"

அதற்கு அவரிடம் சொந்தமாகவே ஒரு பதில் இருந்தது. இளவயதில் தானே யோசித்துக் கண்டுபிடித்தது. உண்மையில் அவர் நம்புவதும் அதனால்தான். விரித்திருந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

"இராயப்பர் எண்டு ஒருத்தர். இப்ப பேதுரு எண்டு வாசிக்கிறம். யேசுவின்ரை முதல் சீடன். யேசுவைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அவர் பெரிய குருவின்ரை முற்றத்திலை நெருப்புக் காய்ஞ்சுகொண்டு நிண்டவர். ஒரு வேலைக்காரப் பெட்டை வந்து, நீயும் அந்த ஆளோடை இருந்தனிதானே எண்டு கேட்டாள். எனக்கு அந்த மனிசனைத் தெரியாது எண்டிட்டார். ஒருக்கா இல்லைத் தங்கச்சி, மூண்டுதரம்."

"ஐயோ, அவ்வளவு பயமோ," என்றாள் அவள். உண்மையாகவே இரங்கித்தான் சொன்னாள்.

"இப்ப யோசியுங்கோ. அந்த மனிசன்தான் பிறகு திருச்சபைக்கே தலைவர். முதல் பாப்பரசர். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த முற்றத்துக் கதை அமுங்கிப்போயிருக்கும். அவரே சொல்லியிருக்கவேணும். பொய் எழுதுறவன் தன்ரை தலைவரைப் பற்றி இப்பிடி எழுதுவானோ? தாவீது ராசா அடுத்தவன்ரை பெண்சாதியை எடுத்து, அவனையும் கொல்லுவிச்சதை எழுதி வைச்சிருக்கு. தன்ரை ஆக்களின்ரை வெக்கத்தை மறைக்காத புத்தகம் இது. அதாலைதான் நம்புறன். தன்னிலை உள்ள பிழையைத் தன்ரை வாயாலை சொல்லுறவன்ரை கதையை நம்பலாம்."

சொல்லி முடித்தபோது அவருக்குத் தன் குரலே பிடித்திருந்தது. இந்த இடம் வரும்போது வகுப்பில் எந்தக் குழப்படிக்காரப் பிள்ளையும் வாய் திறக்காது.

பத்மாசினி புத்தகத்தின் மேல் குனிந்தாள். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பொடியாக இருந்தபடியால் வாசித்திருக்கமாட்டாள்.

"நல்ல நியாயம் அண்ணை. எனக்கும் விளங்குது," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்ப, உங்கடை கதையிலை உங்களிலை ஒரு பிழையும் இல்லையே."

"என்ன?"

"தண்ணி குடுத்தனீங்கள். பிஸ்கட் குடுத்தனீங்கள். சேட்டு மாத்திவிட்டனீங்கள். கை காட்டினனீங்கள். பதினாறு வருசமாக் கேக்கிறன், ஒரு இடத்திலை தன்னும் நான் பயந்திட்டன் எண்டு நீங்கள் சொல்லேல்லை. அந்தக் கப்பலிலை ஏறேக்கை நான் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கேல்லை அண்ணை. பார்த்தால் ஏறமாட்டன் எண்டிட்டுப் பார்க்கேல்லை. இண்டைக்கும் அது என்னைத் தின்னுது. அங்கையிருந்து தப்பி வந்த எல்லாரிட்டையும் அப்பிடி ஒண்டு இருக்கு. உங்களிட்டை மட்டும் இல்லை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கோபித்துத் தப்பியிருப்பார். அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் அவர் பக்கம் தள்ளினாள்.

"கையை வையுங்கோ."

உபதேசியார் கையை மடியிலிருந்து எடுத்தார். மேசைவரை கொண்டுவந்தார். அந்தக் கையை இனி எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏறேல்லை," என்றார். "பிள்ளை பஸ்ஸிலை ஏறேல்லை."

தெருவில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"சொல்லுங்கோ," என்றாள் அவள்.

"சண்டை முடியிறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மத்தியானம் திரும்பியிட்டுது. எல்லாரும் ஓடினம். தனுஷாவுக்கு அப்ப ஆறு வயசு, தோளிலை வைச்சிருந்தனான். கோகுலன் பின்னாலை வந்தவன். ஷெல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் துடை பிஞ்சுபோய்க் கிடக்கிறான். சாறத்தைக் கிழிச்சுக் கட்டினன், இரத்தம் நிக்கேல்லை. ரெண்டு பேரையும் தூக்கப் பார்த்தன், ஏலேல்லை. ஒரு உடைஞ்ச ட்ரக்டர் பெட்டிக்குக் கீழை அவனை இழுத்து விட்டன். தண்ணி கேட்டான். கொண்டு வாறன் எண்டன்."

"குடுத்தனீங்களோ?"

"இல்லை."

தொடாத தேத்தண்ணியை அவள் தள்ளி வைத்தாள்.

"போயிருக்கலாம் தங்கச்சி. அங்காலை ஆமியின்ரை பக்கம் போய் முக்கால் மணித்தியாலம் வரிசையிலை சும்மா நிண்டனான். தண்ணியும் கையிலை கிடந்தது. திரும்பிப் போயிருக்கலாம். பயத்திலை போகேல்லை. அவ்வளவு இரத்தத்துக்கு அவன்... கனநேரம் இருந்திருக்கமாட்டான்."

இனி அவள் மண் அள்ளித் தூற்றுவாள், மேசையில் தலையை மோதுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தாலும் நல்லது என்று நினைத்தார். அவளோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது பொய்யாக இருக்கக்கூடாதா என்று அந்தக் கண் தேடியது. உபதேசியாருக்கு அது விளங்கியது. இதை மட்டும் பொய்யென்று சொல்ல முடிந்தால் அவர் தன் உயிரையே கொடுத்திருப்பார். ஆனால் எப்படி நம்புவதென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"வெள்ளிக்கிழமை," என்று அவள் வாய்க்குள் சொன்னாள். "ஐயர் திதி கேட்டவர். பஞ்சாங்கத்திலை பார்க்கலாம்."

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லைப் பத்மாசினி..."

"தனுஷாவைத் தூக்கினதுக்கு நான் குறை சொல்லமாட்டன் அண்ணை. நானும் ஒண்டைத் தூக்கிக்கொண்டு ஒண்டை விட்டிட்டு வந்தவள்தான். ஆனால் பதினாறு வருசம்..." அவள் தலையை ஆட்டினாள். "அதுக்கு எனக்குச் சொல்லு வரேல்லை."

எழும்பினாள். விறாந்தைப் படியில் இறங்கப்போனவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விட்டிட்டு வரேக்கை பிள்ளை ஏதும் சொன்னவனோ?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதர்தான். அந்த நேரம் ஒரு நல்ல பொய்யும் வாயில் வந்து நின்றது. உபதேசியார் அதை விழுங்கினார்.

"கெதியா வாங்கோ மாமா எண்டவன்."

பத்மாசினி அந்தப் படியிலேயே குந்திவிட்டாள்.

"அவன் ஒருத்தரையும் அவசரப்படுத்திற பிள்ளை இல்லை," என்றாள். "பசிச்சால்கூட, ஆறுதலா வாங்கோ அம்மா எண்டுதான் சொல்லுவான். நல்லா நொந்திருக்கு என்ரை பிள்ளைக்கு."