சாவு அல்வா

யோஸ்ட் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பேச்சில் அவர் முதலில் கற்றுக்கொண்ட மரியாதைச் சொல் அதுதான். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. ஹாலந்துக்காரர். அவரும் மனைவி ஹென்னியும் எங்கள் கடற்கரை ஊர் ஐவாலிக்கில் என் வீட்டுக்கு மேல்மாடியில் ஏழெட்டு வருடமாகக் குடியிருந்தார்கள்.

ஊர் சுற்றித் தின்பதுதான் அவர்களுக்கு வேலை. விடியற்காலை ஆட்டுக்கறி சூப்புக்காக ஆன்டெப்புக்குப் போவார்கள், ஈரல் வறுவலுக்காக எதிர்னேவுக்குப் போவார்கள். நானோ இஸ்மிரைத் தாண்டியதில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, வான் ஏரிக்கரையில் காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை வகைப் பாலாடைக்கட்டி, எந்த மசூதித் தூணில் என்ன செதுக்கல் என்று என் நாட்டை எனக்கே சொல்லுவார். எரிச்சலாக வரும். ஆனால் ஒரு வாரம் ஆளைக் காணாவிட்டால் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன குளிர்காலத்தில் அவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். வெயில் தலைகாட்டும்போது, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆள் பாதியாகிப் போனார்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சூப் கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"அக்கா, எனக்கு அல்வா கிண்டித் தர்றீங்களா?"

"அதுக்கென்ன அண்ணே, கடையிலேர்ந்தே நல்லதா வாங்கியாறேன்."

"கடை அல்வா இல்ல. பக்கத்து வீட்டு நஸ்மி செத்தப்ப கிண்டினீங்களே, அது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சாவு விழுந்த வீட்டில் ரவையை வெண்ணெயில் வறுத்துக் கிண்டுவது. வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை கரண்டியைப் பிடித்து, போனவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கிண்டிவிட்டுப் போவார்கள்.

"வாயக் கழுவுங்க! உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் சாவு அல்வா கிண்டுவாங்களா? உசுர எடுக்க வர்ற மலக்குக்கே அல்வா குடுக்கப் பாக்கறீங்களா?"

சிரித்தார். "அதே ரவை, அதே சர்க்கரைதான். ஆனா அந்த ருசி வேற எங்கயும் கெடைக்கலக்கா. ஊரெல்லாம் தேடிட்டேன். எனக்காக நீங்க கிண்டறப்போ நான் சாப்பிட முடியாதே."

"கிண்டவே மாட்டேன், போங்க!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். படியில் ஹென்னி நின்றிருந்தாள். அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை ஊருக்குக் கெளம்பறோம்க்கா. மக பிடிவாதமா டிக்கெட் எடுத்துட்டா. இவர அங்கதான் வச்சுப் பாக்கணுமாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க அல்வா கிண்ட யாருக்கா இருக்கா?"

அதற்கு மேல் என்னால் வீம்பு பிடிக்க முடியவில்லை. பாவமோ புண்ணியமோ என் தலையில் விடியட்டும் என்று புதன்கிழமை காலை வாணலியை ஏற்றினேன்.

ரவை சிவக்கும் வாசனை படியேறியதும் கட்டடமே திரண்டு வந்துவிட்டது. கீழ்வீட்டுப் பெரிஹான் தலையில் முக்காடோடு அழுதுகொண்டே நுழைந்தாள்.

"எப்பக்கா போனாரு?"

"எங்கயும் போகல. மேலதான் இருக்காரு. மூக்கச் சிந்திட்டுக் கரண்டியப் புடி."

மீன்கடை ஹிக்மெத்தும் அவன் மச்சானும் யோஸ்ட் அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்து அடுப்புக்கு எதிரில் உட்காரவைத்தார்கள். பெரிஹான்தான் முதலில் கிண்டினாள்.

"ரொம்ப நல்ல மனுசனா இருந்தாரு..."

"இருந்தாராம்! எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, இருந்தாராம்!" என்றேன். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அடுத்து ஹிக்மெத். "செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீன் வாங்கினதில்ல இந்த ஆளு. என் உசுர வாங்குவாரு."

"நல்ல வார்த்தை சொல்லுடா தடியா!"

"இதான் நல்ல வார்த்தை. என் கடைக்கு வர்றதுல மீனு தெரிஞ்ச ஒரே மனுசன்."

என் முறை வந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. சொல்லிவிட்டால் அவரை நானே அனுப்பிவைத்ததாகிவிடும் என்று பயம். வாயை இறுக்கிக்கொண்டு கிண்டினேன்.

ஹென்னி கரண்டி நுனியில் எடுத்து ஊட்டினாள். அவர் கண்ணை மூடி நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். நாங்கள் அவர் வாயையே பார்த்தோம்.

"நல்லா இருக்குக்கா," என்றார். பிறகு, "ஆனா அது இல்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எது கொறைஞ்சுபோச்சு? வெண்ணெயா? பாலா?"

"தெரியலக்கா." ஏமாந்துபோன முகம். "சத்தியமா தெரியல. எப்படியும் கண்டுபிடிச்சிடலாம்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை போய்விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஹென்னி போன் செய்தாள். காலையில் தூக்கத்திலேயே அண்ணனுக்கு மூச்சு அடங்கிவிட்டதாம். நான் போனை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன். அதே கடை ரவை, அதே வெண்ணெய். பெரிஹான் வந்தாள், ஹிக்மெத் வந்தான், ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். நான் கரண்டியைப் பிடித்ததும், "எனக்குன்னு ஒரு அண்ணன் இருந்தாரு," என்று வந்தது. அதற்கப்புறம் அழுகைதான்.

எல்லோரும் போனபின் ஒரு வாய் தின்று பார்த்தேன்.

உடனே ஹென்னிக்குப் போன் போட்டேன். "வந்துருச்சுடி! நஸ்மி வீட்டு அல்வா, அதே ருசி வந்துருச்சு!"



"அவர்கிட்ட யாருக்கா சொல்றது?" என்றாள்.