இரண்டு பக்கம் பெய்த மழை

ஆல்ட்ரேஷன் கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஒரு சாபம் உண்டு. வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது யார் கண்ணிலும் படாது. பேண்ட்டைக் குட்டையாக்கியது தெரிந்துவிட்டால் திட்டு விழும். தெரியாவிட்டால் ஒரு வார்த்தை பேச்சிருக்காது. நம் தையல்காரி கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித் தெரியாத தையலாகப் போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தாள். ஒரு தடவையாவது நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி எதையாவது தைத்துவிட வேண்டும் என்று ஆசை. சாதாரண ஆசை இல்லை, சோறு தண்ணி இறங்காத ஆசை.

அப்படித்தான் அந்தக் குவில்ட், அதாவது ஒட்டுத்துணி விரிப்பு, உருவானது. கடையில் வெட்டித் தள்ளிய பேண்ட் நுனி, சட்டைக் கை, பாவாடை ஓரம் எல்லாவற்றையும் பை பையாக வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அவற்றை ஒட்டுப்போட்டு, மழையில் பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு வரிசையைப் படமாக்கினாள். சாம்பல் பேண்ட்டெல்லாம் ரோடு, நீலச் சட்டையெல்லாம் வானம். அடியில் ஒரு முழுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. மூன்றும் நகராமல் இருக்க, மேல் துணியிலிருந்து அடித்துணிவரை ஊசி இறங்கும்படி கைத்தையல் போட வேண்டும். அந்தத் தையல்தான் மழை. சாய்வாக, பொடிப்பொடியாக, வெள்ளை நூலில், படம் பூராவும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், சாப்பாட்டு மேஜை பறிபோன துக்கத்தில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மனுஷன் தங்கம்.

பாதி மழை பெய்து முடிந்திருந்தபோது அவளுடைய வலது மணிக்கட்டு மக்கர் பண்ணியது. டாக்டர் பட்டை போட்டுக் கட்டினார். மெஷினில் தைக்கலாம், கை ஊசியை மட்டும் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரில் நடக்கப்போகும் கைவினைக் கண்காட்சிக்கு அதை அனுப்புவதாக இருந்தாள், அதற்கான தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் துணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள்.

நாத்தனார் என்றால் புருஷனின் அக்கா. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டி, ரிட்டயர் ஆகி, மாடியில் தனியாக இருக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் நொட்டாங்கை. சின்ன வயதில் இடது கையால் எழுதியதற்காக அவள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. புறங்கையில் ஸ்கேல் அடி விழுந்து விழுந்து, கடைசியில் வலது கையால் எழுதப் பழகினாள். எழுத்து கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். இன்றைக்கும் வெளியாள் முன்னால் ஒரு டம்ளரைக்கூட இடது கையால் எடுக்க மாட்டாள். தம்பி மட்டும் செல்லமாக நொட்டாங்கை என்று கூப்பிடுவான், அவளும் சிரித்துக்கொள்வாள்.

"ஊசியை இப்படிக் கொடு, நான் போடுறேன்" என்றாள்.

"உங்களுக்குத் தைக்க வருமாக்கா?"

"பட்டன் தைச்சிருக்கேன். மழைக்கு என்ன பெரிய படிப்பா வேணும்?"

இடது கையில் ஊசியைப் பிடித்தாள். முதல் நாள் தையல் கொஞ்சம் முழித்தது. அப்புறம் பார்த்தால், அடேயப்பா, என்ன நெருக்கம், என்ன பொடி. அதற்குப் பிறகு மத்தியானம் தவறாமல் வந்தாள். தையல்காரி கடையிலிருந்து திரும்பும்போது மழை ஒரு முழம் நகர்ந்திருக்கும். இவள் டீ போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள், அவள் பல் டாக்டர் வீட்டுக் கதையை எடுத்துவிடுவாள்.

"வாயைத் திறங்கன்னா மூடிக்குவாங்க. பஞ்சை வச்சு மூடுங்கன்னா, அப்பதான் மருமகளைப் பத்திக் கதை சொல்லணும்னு தோணும்."

தைத்த பகுதியைச் சட்டத்தில் சுருட்டிக்கொண்டே போனதால், முழுதாக முடித்துச் சுவரில் மாட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. வலது கைக்காரி போட்ட மழை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரி போட்டது அதற்கு எதிர்ப்பக்கம். நடுவில் நின்றிருந்த பஸ் வரிசையின் மேல் இரண்டு மழையும் வந்து மோதின.

"காத்தும் காத்தும் முட்டிக்கிச்சுபோல" என்றான் புருஷன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தையல்காரிக்கு அது பிடித்தும் இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

தேர்வாகவில்லை என்று தகவல் வந்தது. திரும்ப எடுத்து வர நாத்தனாரும் கூடவே கிளம்பினாள். கண்காட்சி மண்டபத்தில் பெயிண்ட் வாசனை. ஏணியில் ஒருவர் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாள் குவில்ட்டை மேஜையில் விரித்து வைத்துப் பேசினார். நல்ல மாதிரிதான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

"படம் ரொம்ப நல்லா இருக்குங்க. எங்களுக்கு விட மனசே இல்லை. ஆனா மழை ரெண்டு பக்கமா பெய்யுது பாருங்க, வேற யாரோ தைச்ச மாதிரி இருக்கு. இந்தப் பாதியைப் பிரிச்சு, அந்தப் பக்கம் மாதிரியே தைச்சு, சனிக்கிழமைக்குள்ள கொண்டுவந்தீங்கன்னா வச்சுடலாம். ஒரு சுவர் காலியாத்தான் இருக்கு."

நாத்தனார் தன் இடது கையை மெல்லத் தோள்பைக்குள் விட்டுக்கொண்டாள். தையல்காரி அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பஸ்ஸில் குவில்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலியாக இருக்கும் அந்தச் சுவர் தையல்காரியின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதற்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள், கிட்டே குனிந்து பார்ப்பார்கள். இந்த ஒரு பாதி மட்டும் நேராக இருந்திருந்தால், என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. ஆனால் வந்தது வந்ததுதான், இல்லையென்று சொல்ல முடியுமா?

வீட்டு வாசலில் நாத்தனார்தான் பேச்சைத் தொடங்கினாள். "பிரிச்சிடு. எனக்கு அதுல ஒண்ணுமில்லை. ஆசைப்பட்டுச் செஞ்சது, வீணாப் போகக் கூடாது."

"பார்க்கலாம்க்கா" என்றாள் இவள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று நாத்தனாருக்குத் தெரியாதா?

மறுநாள் கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு கோட்டின் வலது கையை இரண்டு தடவை குட்டையாக்கிவிட்டு, இடது கையைத் தொடாமலே மடித்து வைத்துவிட்டாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் குவில்ட் விரிந்து கிடந்தது. அதன் ஒரு மூலையில் மழையைக் காணோம். பிரித்த நூல் குப்பையாக ஒரு கிண்ணத்தில் கிடந்தது. நாத்தனார் முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இவள் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

தைத்துக்கொண்டிருந்தாள். வலது கையால்.

ஊசி உள்ளே போகவே மறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு குத்தினாள். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆனால் எல்லாம் சொன்ன பக்கமாகத்தான் சாய்ந்திருந்தன. இடது கை மடியில் சும்மா கிடந்தது. இல்லை, சும்மா இல்லை. அது தானாக எழுந்து ஊசியை நோக்கி வரும். அவள் உடனே அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று தையல்காரிக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"அக்கா."

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். "வந்துட்டியா? உன் மணிக்கட்டை வச்சுக்கிட்டு நீ எப்படிப் போடுவே? அதான், நானே அந்தப் பக்கமாப் போட்டுப் பார்க்கலாம்னு. பழகினா வந்துடும். அப்ப எழுத்தே பழகலையா?"

 நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை வீட்டுக்குள் யார் சொல்கிறார்கள்? மேடையில் மைக்கைப் பிடித்தவர்கள் சொல்வது. அவள் அருகே போய், வலது கையிலிருந்த ஊசியை வாங்கினாள். தொடைக்கு அடியிலிருந்த இடது கையை வெளியே இழுத்து, விரித்து, அதில் ஊசியை வைத்தாள்.

"இந்தக் கையிலயே போடுங்க. பிரிச்ச இடத்துல, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே."

"பைத்தியமா உனக்கு? சனிக்கிழமை?"

"அது அவங்க சுவர்க்கா. நீங்க இல்லைன்னா எனக்குப் பாதி படம்தான் இருந்திருக்கும். உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்." சொல்லியே விட்டாள்.

"என்னடி இது, மேடைப் பேச்சு" என்றாள் நாத்தனார்.  கொஞ்ச நேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியை நீட்டினாள். "நூலைக் கோத்துக் கொடு. எனக்குக் கண்ணு தெரியலை."

தையல்காரி நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஊசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். வாழ்க்கை பூராவும் ஊசி கோத்தவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கும் கண் கலங்கி, ஊசியின் காது தெரியவில்லை.